கடல்முகச் சாளர வழக்கில் கீழைத்துறைக் காவலருக்கு அரசி எழுதியது

நலமே நிலைக்க.

உப்பும் முத்தும் ஒரே கரையில் விளையும் நெடுங்கழி நாட்டுக்கு முடிசூடி, வலம்புரிச் சங்கைக் கொடியிலும் முத்திரையிலும் உடையவளாய், செம்மாட நகரத்து அரியணையில் வீற்றிருக்கும் எழினி நங்கையாகிய யாம், எம் கீழைக் கடற்கரைக்குப் பூட்டும் திறவுகோலுமாய் விளங்கும் கீழைத்துறையின் காவலர் அரையன் கூத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையை நாடிவரும் மரக்கலங்கள் பாய் கிழியாமல் வந்து சேர்க. வலைகள் கனக்க. உப்பளத்தில் உப்பு வாரி முடியும்வரை மழை பொறுத்திருக்க. உம் துணைவியாரும் மக்களும் நோயின்றி வாழ்க.

கார்த்திகைப் பிறப்பன்று நீர் விடுத்த ஓலை எம் கைக்கு வந்தது. யாம் கொடையாக அளித்த வீட்டை இடித்து, அரச சின்னம் பொறித்த கல்லைப் பெயர்த்த குற்றத்துக்காகப் பண்ணன் என்பானையும் அவன் மனைவி ஆவுடை என்பாளையும் வீட்டிலிருந்து நீக்கி முத்திரையிட்டதாகவும், கொடையை அழித்து எம் பெயரைக் காக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தீர். உம் ஓலை வந்த நான்காம் நாள், அவ்விருவருமே ஒன்பது நாள் வழிநடந்து எம் வாயிலில் வந்து நின்றனர். இருதரப்பும் கேட்டோம், தீர்ப்பும் செய்தோம். தீர்ப்பு இவ்வோலையின் கடைசி ஏடுகளில் இருக்கிறது. அதை மட்டும் முதலில் புரட்டிப் படிக்கலாகாது என்பதும் எம் ஆணையே. ஒரு கல்லைக் கண்டு நீர் குற்றம் கண்டீர். அக்கல்லைச் சுற்றி என்ன நடந்தது என்பதையும் நீர் அறிய வேண்டும் என விரும்புகிறோம்.

ஆவுடை காலை முரசு ஒலித்தது முதல் உச்சிப்பொழுது வரை அவையில் நின்று பேசினாள். சாட்சியின் சொல் சாட்சியின் சொல்லாகவே இருக்க வேண்டுமாதலால், அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதுமாறு எம் ஓலைநாயகத்துக்குச் சொன்னோம். அவர் முகம் சுளித்துக்கொண்டே எழுதினார்.

ஆவுடை இவ்வரண்மனை மடைப்பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் அடுப்புப் பார்த்தவள். அந்த மடைப்பள்ளியில் புகை போக ஒரு துளை உண்டு. வெளிச்சம் வர வழியில்லை. பொழுது ஏறியதையும் சாய்ந்ததையும் முரசொலி கேட்டே அவள் அறிந்தாள். பண்ணனோ எம் பெருங்கலத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பாய்க்கயிறு ஆண்டவன். ஒருமுறை கலத்துக்குக் கட்டுச்சோறு வாங்க வந்தவன், போன பயணத்தில் கொடுத்த புளிச்சோறு நான்காம் நாளே கெட்டுப்போயிற்று என்று குறை சொன்னான்.

“மூடி வெச்ச பானையத் தெறந்து தெறந்து பார்த்தா கெடாம என்ன செய்யும்? எவன் தெறந்தான்னு போய்க் கேளுங்க,” என்றாள் ஆவுடை.

“தெறந்தது நான்தான்,” என்று அவன் ஒப்புக்கொண்டான். “வாசனை அப்பிடி.”

மூன்று பயணங்கள் கழித்து அவர்களுக்குத் திருமணம் நடந்தது. இருவருக்கும் நாற்பது கடந்திருந்தது. அவள் மடைப்பள்ளி நடையில் பாய் விரித்தவள். அவன் கலத்தின் அடித்தட்டில் கயிற்றுச் சுருள்மேல் கிடந்தவன். சொந்தம் என்று கைவைத்துச் சொல்ல இருவருக்கும் ஒரு சுவர்கூட வாய்த்ததில்லை. ஆகையால் உம் துறையில் ஆளின்றிக் கிடந்த பழைய கலங்கரை விளக்கக் காவலன் வீட்டை அவர்களுக்கு மணக்கொடையாக அளித்தோம். வீடு எந்நிலையில் உள்ளது என்று உம்மை வினவினோம். நன்னிலையில் உள்ளது என்று எழுதினீர். “கல்லும் பெயராது, கதவும் மாறாது, நின்றது நின்றவாறே நிலைத்து, ஞாயிறும் திங்களும் உள்ளளவும் ஆண்டு வாழ்வீராக” என்று கொடையோலை எழுதி, அவை நடுவே படித்துக் கொடுத்தோம். அப்பொழுது ஆவுடை அழுதாள். பண்ணன் தன் மேலாடையால் அவள் முகத்தைத் துடைக்கப்போய், அதிலிருந்த, கலத்துக்குப் பூசும் கீல் அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டதை அவையே கண்டது.

ஆனி மாதம் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கதவு திறக்கவில்லை. உப்புக்காற்றில் ஊறிப் பருத்து நிலையோடு இறுகிப்போயிருந்தது. பண்ணன் சுவரேறிக் கூரை வழியாக உள்ளே குதித்தான். கூரையில் ஆள் நுழையும் அளவுக்குப் பல இடங்களில் வழி இருந்தது.

“என்னங்க, உள்ள எப்பிடி இருக்கு?” என்று ஆவுடை வெளியிலிருந்து கேட்டாள்.

“காத்தோட்டமா இருக்கு,” என்று பதில் வந்தது.

அவள் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது என்று எம்மிடம் சொன்னாள். ஓடுகளில் பாதி இல்லை. மூன்று சுவர்களில் சாந்து உதிர்ந்து கல் பல்லிளித்தது. கடலைப் பார்த்த சுவர் ஒன்றுதான் உறுதியாக நின்றது. உம் படகில் அவ்வழியே போகும்போது நீர் கண்டது அந்தச் சுவரைத்தான் போலும்.

கொத்தர்களைத் தேடி அவர்கள் துறை முழுவதும் அலைந்தனர். கரணை பிடிக்கத் தெரிந்த ஒவ்வொருவரையும் புதிய படித்துறை கட்ட நீர் அழைத்துக்கொண்டதாகவும், தை மாதம் வரை எவரையும் விடுவிப்பதற்கில்லை என்றும் விடை கிடைத்தது. ஐப்பசியில் அடைமழை. இடையில் இருந்தது நான்கு மாதம். திரும்பி வரும் வழியில் பண்ணன் ஒரு மணல்மேட்டில் நின்று, “கயிறுன்னா நான் எது வேணா செய்வேன்,” என்றான்.

“பதம்னா நான் பார்த்துக்குவேன்,” என்றாள் ஆவுடை.

“வீட்டுல கயிறும் பதமும் எங்க வருது?”

“அது போகப்போகத் தெரியும்.”

முதலில் கதவு. பண்ணன் இழைப்புளியை இரவல் வாங்கிவந்து ஒரு பகல் முழுதும் இழைத்தான். மாட்டிப் பார்த்தான், சிக்கியது. மறுபடி இழைத்தான், சிக்கியது. ஆவுடை போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இன்னும் ஒருமுறை இழைத்தான். இப்போது கதவு காற்றில் தானே ஆடியது. சாத்திய கதவின் கீழே அயல்வீட்டுக் கோழி ஒன்று தலைகுனியாமல் நடந்து உள்ளே வந்தது. பண்ணன் கோழியையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தான். அந்த முகத்தைக் கண்டு தான் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த குழம்பு தீய்ந்துபோயிற்று என்றும், பத்தொன்பது ஆண்டில் தன் கையில் தீய்ந்த முதற்குழம்பு அதுதான் என்றும் ஆவுடை அவையில் பெருமையோடு கூறினாள்.

ஆடியில் சாந்து. சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, மணல் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் வார்த்து இடிக்க வேண்டும் என்பதை ஆவுடை கேட்டு அறிந்தாள். எவ்வளவு கருப்பட்டி என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அவள் பாயசத்துக்குப் போடுகிற கையால் போட்டாள். சாந்து பட்டுப்போல் வந்தது. மேற்குச் சுவர் முழுக்கப் பூசினார்கள். மறுநாள் காலையில் அவள் கண்விழித்தபோது சுவர் அசைந்தது.

“எழுந்திரிங்க,” என்று கணவனை உலுக்கினாள். “சுவரு நடக்குது.”

எறும்பு. கூரைவிளிம்பு முதல் தரை வரை கறுப்பும் சிவப்புமாக, துறையிலுள்ள எறும்புகள் அனைத்தும் விருந்துக்கு வந்திருந்தன. பண்ணன் அதை ஆற அமரப் பார்த்துவிட்டு, “ஆவுடை, ஒன் சமையல் இங்கயும் பேர் வாங்கிருச்சு,” என்றான். பூசியதைச் சுரண்டி எடுத்து, கழுவி, மீண்டும் தொடங்கினார்கள். இம்முறை அவள் கருப்பட்டியைக் குறைத்தாள், கடுக்காயைக் கூட்டினாள், ஏழு நாள் ஊறவிட்டாள், பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல் இருவிரல் நடுவே எடுத்து இழுத்துப் பார்த்தாள். உலர்ந்த சுவரில் அவள் கன்னத்தை வைத்தபோது குளிர்ந்திருந்தது. விரல்நகத்தால் கீறினாலும் தடம் விழவில்லை. அந்த இடத்திலேயே அவள் கொஞ்சநேரம் நின்றாள். தான் செய்த எதுவும் மறுவேளைக்குள் உண்ணப்பட்டுத் தீர்ந்துபோவதையே கண்டிருந்தவளுக்கு, நாளையும் இருக்கப்போகிற ஒன்றைச் செய்துவிட்டது புதிதாக இருந்தது.

ஆவணியில் பூச்சு கடற்சுவருக்கு வந்தது. அங்கேதான் பிணக்கு.

“இங்க ஒரு சாளரம் வெச்சிருவோம்,” என்றாள் ஆவுடை. “கடல் தெரியட்டும்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

திருமணமாகி முதன்முறையாக அவன் அப்படிப் பேசினான். அவளுக்குச் சுருக்கென்றது. அவளும் வாயை மூடிக்கொண்டாள். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. ஆனால் மழை அவர்கள் பிணக்குக்காகக் காத்திராது. கூரைக்குத் தூலம் ஏற்றியாக வேண்டும். தூலத்தை ஒருவரால் தூக்க முடியாது. ஆகவே “ஒண்ணு, ரெண்டு, தூக்கு” என்னும் மூன்று சொற்கள் மட்டும் அவ்வீட்டில் வழங்கின. மூன்றாம் நாள் நடுத்தூலத்தை ஆளுக்கொரு முனையாகத் தோளில் தாங்கி நிற்கும்போது, கீழே வைக்கவும் முடியாமல் மேலே ஏற்றவும் முடியாமல் நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். அந்த நிலையில், தூலத்தின் அந்த முனையிலிருந்து பண்ணன் பேசினான்.

“இருவத்திரண்டு வருசம் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். எங்கூடக் கயிறு இழுத்த கோடன் என் கண்ணு முன்னால அதுலதான் போனான். வீட்டுக்குள்ளயும் அது வேணுமா?”

ஆவுடைக்குத் தோள் வலித்தது. அதைவிட, அவன் மூன்று நாளாய் இந்தச் சொற்களைச் சுமந்துகொண்டே தூலத்தையும் சுமந்தான் என்பது வலித்தது.

“வேண்டாம்ங்க,” என்றாள். “மொத்தமாப் பூசிருவோம். இப்ப இதை எறக்குங்க, இல்லேன்னா நானும் போய்ச் சேர்ந்திருவேன்.”

அதன்பின் கூரை பண்ணனின் ஆட்சியாயிற்று. ஆணி வாங்க அவன் போகவில்லை. கைமரங்களைத் தூலத்தோடு கயிற்றாலேயே பிணைத்தான். புயலில் பாய்மரம் பிடித்த முடிச்சு இங்கே அசையாது என்றான். கைமரங்கள் வளைந்து உயர்ந்து ஒன்றுகூடின. மேலே பலகை வேய்ந்து, இடுக்குகளில் தேங்காய்நார் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி வார்த்து, எஞ்சிய ஓடுகளை அதன்மேல் பரப்பினான். “கப்பலுக்குக் கீழேருந்து தண்ணி வரக்கூடாது, வீட்டுக்கு மேலேருந்து வரக்கூடாது. கவுத்துக் கட்டினாப் போச்சு,” என்பது அவன் கணக்கு. குங்கிலியத்தைக் கருகவிடாமல் காய்ச்சித் தந்தவள் ஆவுடை. வெள்ளம் வந்தால் கூரையைத் திருப்பிப்போட்டு ஏறிக்கொள்ளலாமே என்று மீனவர்கள் கேலி பேசினார்கள். பண்ணன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

மழைக்கு முன்பே சோதிக்க வேண்டும் என்று ஆவுடை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூரைமேல் ஏறினாள். குடம் குடமாகத் தண்ணீர் வார்த்தாள். பண்ணன் உள்ளே மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“வருதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்ல. இன்னும் ஊத்து.”

பதினோராவது குடத்துக்கு அவனிடமிருந்து ஓசையில்லை. அவள் பதறி ஓட்டிடுக்கில் காதை வைத்துக் கேட்டாள். குறட்டை. மூன்று மாதத்து அலுப்பில், நனையாத தரையில், அவன் உறங்கிப்போயிருந்தான். அவள் கூரைமேலேயே உட்கார்ந்து, குடத்தில் மீதியிருந்த தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டாளாம். ஏன் அப்படிச் செய்தாய் என்று தலைமை நடுவர் வினவினார். “மகிழ்ச்சியா இருந்துச்சு, வேற என்ன செய்யன்னு தெரியல,” என்றாள்.

ஐப்பசியில் மழை வந்தது. வீடு ஒழுகவில்லை. ஆனால் மழை மூட்டத்தில் உள்ளே இருண்டது. பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. ஒருநாள் காலை பண்ணன் மீன் வாங்கித் திரும்பியபோது, பூசிய கடற்சுவரில் அரிசிமாவால் நான்கு கோடு இழுத்து ஒரு சதுரம் வரையப்பட்டிருப்பதைக் கண்டான்.

“என்ன இது?”

ஆவுடைக்கு நாணமாகப் போயிற்று. “சும்மா. இருந்தா எப்பிடி இருக்கும்னு பார்த்தேன். அழிச்சிடறேன்.”

அவன் மீனைக் கீழே வைத்தான். கை கழுவினான். அவள் அழிக்கத் துணி எடுத்து வருவதற்குள் உளியையும் சுத்தியலையும் எடுத்து, அந்த மாவுக்கோட்டின் மேலேயே முதல் அடி அடித்தான்.

“வேண்டாம்னீங்களே?”

“மடைப்பள்ளியில ஒனக்குப் புகைத்துளை ஒண்ணுதான் இருந்துச்சுன்னு சொன்னேல்ல. இங்கயும் அதே இருட்டா? தள்ளி நில்லு, தூசு விழும்.”

இரண்டு நாள் அடித்தார்கள். அவன் கை ஓய்ந்தால் அவள் அடித்தாள். மேலே வரும் சுவரைத் தாங்க, கரை ஒதுங்கிய பழைய சுக்கான் பலகையைக் குறுக்கே செருகினார்கள். மூன்றாம் நாள் காலை நடுக்கல் அசைந்தது. உள்ளிருந்து இருவரும் சேர்ந்து தள்ள, அது வெளிப்புறமாக விழுந்து மணலில் புதைந்தது. வெளிச்சம் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் அடித்தது. எறும்பு தின்ற சுவர் பொன்போல் மின்னியது. ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். பழக்கமில்லாத கண்ணுக்கு அத்தனை வெளிச்சம் கூசியது.

கல்லைப் புரட்டப்போன பண்ணன்தான் அதைக் கண்டான். கல்லின் வெளிமுகத்தில், பாசி படர்ந்து, எம் பாட்டனார் காலத்து வலம்புரிச் சங்கு. மணலைத் தள்ளி மூடிவிடலாம், யாரும் பார்க்கவில்லை என்று ஆவுடை மெல்லச் சொன்னாள். இதையும் அவள் அவையில் மறைக்கவில்லை.

“நமக்கு வீடு குடுத்தவங்க கல்லு,” என்றான் பண்ணன். “குப்புறப் போட்டு மூடவா?”

கப்பியும் கயிறும் கட்டி, கல்லை மணலிலிருந்து தூக்கி, பாசி போகத் தேய்த்துக் கழுவி, சாளரத்தின் அடிக்கல்லாகச் சங்கு மேலே தெரியும்படி பதித்தார்கள். அதற்கு மட்டும் ஆவுடை முட்டை வெண்கருவும் சேர்த்துச் சாந்து அரைத்தாள்.

சாளரம் திறந்தும் பண்ணன் அப்பக்கம் திரும்பவில்லை. உண்ணும்போது அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். பத்துநாள் கழித்து ஒரு விடியலில், அவள் நீர் எடுத்துக்கொண்டு வரும்போது, அவன் சாளரத்தில் முழங்கை ஊன்றி நிற்பதை வெளியிலிருந்தே கண்டாள். குடத்தை இறக்காமல் நின்றாள். அவன் அவளைப் பார்த்துவிட்டான்.

“ஆவுடை,” என்றான், “இங்கேருந்து பார்த்தா அது ஆடல.”

“கடலா?”

“நான் நிக்கிற எடம். காலுக்குக் கீழ ஒண்ணும் ஆடாம நின்னு அதைப் பார்க்கிறது இதான் மொத தடவ. நல்லாத்தான் இருக்கு.”

ஆவுடை இதைச் சொன்னபோது அவளருகே நின்ற பண்ணன் தரையைப் பார்த்தான்.

அதற்கு ஐந்தாம் நாள் நீர் படகில் அவ்வழியே வந்தீர். சுவரில் திறப்பு இருந்ததையும், ஒரு பெண் அரச சின்னத்தின் மேல் முழங்கை ஊன்றிக் கடல் பார்த்ததையும் கண்டீர். கல் பெயர்ந்தது, நின்றது நின்றவாறு இல்லை, ஆகவே கொடையோலை தன் சொல்லாலேயே அழிந்தது என்று கூறினீர். கொட்டும் மழையில், ஒரு பானையை எடுத்துக்கொள்ள மட்டும் இடங்கொடுத்து, அவர்களே செப்பனிட்ட கதவுக்கு வெளியே அவர்களை நிறுத்தினீர். அப்பொழுது பண்ணன் கை ஓங்கியிருப்பான் என்றும், தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டதாகவும் ஆவுடை சொன்னாள். “அரசியம்மாகிட்டயே போய்க் கேட்டுருவோம்னு நடந்துட்டோம்” என்பது அவள் சொல்.

கூத்தனாரே, யாம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. உம் வாதத்தை எளிதென்று தள்ள எம்மால் ஆகவில்லை. அதே சொற்களால் இந்நாட்டில் நானூறு கொடைகள் உண்டு. ஒன்றில் சொல்லைத் தளர்த்தினால் நானூறும் தளரும் என்று அமைச்சர்கள் அஞ்சினர், யாமும் அஞ்சினோம். ஓலையில் ‘கல்லும் பெயராது’ என்று தெளிவாக உள்ளதே, அதற்கு உன் விடை என்ன என்று ஆவுடையைக் கேட்டோம்.

“அம்மா, எங்க கல்யாணத்துல ‘ஒருநாளும் பிரியாம இருங்க’ன்னு எல்லாரும் வாழ்த்தினாங்க. அதுக்காக இவரு மீன் வாங்கப் போகாம இருக்க முடியுமா?” என்றாள்.

தலைமை நடுவர் சிரித்ததை யாம் இதுவரை கண்டதில்லை. அன்று கண்டோம். வாழ்த்தை விலங்காகப் படித்தது உம் பிழை மட்டுமன்று. வாழ்த்தென்று எண்ணி விலங்கைப்போல எழுதியது எம் பிழை. பாராத வீட்டைப் பார்த்ததுபோல் நீர் எழுதினீர். பாராமலே யாமும் கொடுத்தோம். ஒழுகும் கூரையைக் கொடுத்துவிட்டு, அதை ஒழுகாமல் செய்தவர்களைக் குற்றவாளியாக நிறுத்திய வெட்கம் நம் இருவருக்கும் பொது.

இனி எம் ஆணை கேளும்.

கீழைத்துறை வீடு, கவிழ்ந்த கலம் போன்ற கூரையோடும் கடல்முகச் சாளரத்தோடும், ஆவுடைக்கும் பண்ணனுக்கும் உரியது. அவர்கள் விரும்பினால் இன்னும் ஒரு சாளரம் திறப்பர், விரும்பினால் மூடுவர். முத்திரையிட்ட கயிற்றை ஏவலர் எவரும் தொடலாகாது. நீரே சென்று, உம் கையால் அவிழ்க்க வேண்டும். பூட்டிக்கிடந்த நாட்களில் திறந்த சாளரம் வழியே சாரல் அடித்து உட்பூச்சு கெட்டிருக்கும். அதைச் சரிசெய்யச் சாந்து இடிக்கும் ஒரு நாள் வேலை உம்முடையது. கருப்பட்டி எவ்வளவு என்பதை ஆவுடை சொல்வாள், நீரே அளந்து போடாதீர். படித்துறைக் கொத்தர்களில் பாதிப்பேரை இன்றே விடுவித்து, மழையில் ஒழுகும் கூரையுள்ளோர் வீடுகளுக்கு அனுப்பும். படித்துறை தையில் முடியாவிடில் பங்குனியில் முடியட்டும். இனி இந்நாட்டில் எழுதப்படும் கொடையோலைகளில் ‘நின்றவாறே’ என்னும் சொல் வாராது. ‘உமக்கு வேண்டியவாறு’ என்னும் சொல் வரும். முன்னெழுதிய நானூறும் அவ்வாறே படிக்கப்படுக.

எம் சின்னத்தின் மேல் முழங்கை ஊன்றுவது பற்றியும் கேட்டிருந்தீர். அச்சங்கு போர்க்களம் பார்த்திருக்கிறது, யானை நெற்றியில் ஏறியிருக்கிறது, சிறைவாயிலிலும் இருந்திருக்கிறது. ஒருத்தி சாய்ந்துகொண்டு விடியலைப் பார்க்க அது உதவியதாக இதுவரை யாம் கேள்விப்பட்டதில்லை. அங்கேயே இருக்கட்டும்.

அரச காரியம் இவ்வளவே. ஆனால் உம்மிடம் மறைக்க விரும்பாத ஒன்று உண்டு.

எம் பள்ளியறைக் கூரையின் வடமூலையில் எம் தந்தையார் காலந்தொட்டு ஓர் ஒழுக்கு இருக்கிறது. மழைநாளில் அதன்கீழ் வெள்ளிக் கிண்ணம் வைப்பது இவ்வரண்மனை மரபு. கிண்ணம் வைப்பதற்கென்றே ஒரு பதவியும் உண்டு. ஆவுடையும் பண்ணனும் விடைபெற்றுச் சென்ற மறுநாள், யாமும் எம் கொழுநரும் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு ஏணி வைத்தோம். ஏணியைப் பிடித்திருப்பவர் வேறெங்கும் பார்க்கலாகாது என்று யாம் மொழிந்தோம். ஏணியில் நிற்பவர் சிரிக்கலாகாது என்று அவர் மொழிந்தார். முதலில் அப்பிய சாந்து அவ்வளவும் அவர் தலைமேல் விழுந்தது. பதினெட்டு ஆண்டு மணவாழ்வில் அவரை அப்படிக் கண்டதில்லை; மீசை வெளுத்து, ஒரு கண் மூடி, இன்னும் ஏணியை விடாமல் நின்றார். இரண்டாம் முறை அப்பியது நின்றது.

நேற்றுப் பகலெல்லாம் மழை. கிண்ணக்காரர் வழக்கம்போல் வந்து கிண்ணத்தை வைத்துவிட்டு நின்றார். யாம் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாலை வரை ஒரு துளியும் விழவில்லை. அவருக்கு வேறு நல்ல பதவி கொடுத்துவிட்டோம்.

கடலும் கரையும் தத்தம் இடத்தில் இனிது இருக்க, இவ்வோலை கண்ட அன்றே புறப்படுக. கார்த்திகைத் திங்கள், தேய்பிறை ஐந்தாம் நாள், செம்மாட நகரத்திலிருந்து எம் கையாலேயே வலம்புரி முத்திரை இட்டு விடுத்தோம். முத்திரையரக்கின் ஓரத்தில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு ஒட்டியிருப்பது கண்டு, ஓலைநாயகம் கைகழுவாமல் இட்டார் என்று அவரைக் கடிந்து எழுதிவிடாதீர். அது எம் விரல்.